வாசித்துவிட்டுக் கைக்காசு போட்டவர்கள்

சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும்போதெல்லாம் ஒரு பிரகடனம் காதில் விழுகிறது: இனி எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடுவில் யாரும் கிடையாது. கதையைக் கிண்டிலில் தானே ஏற்றிக்கொள்ளலாம், பிரதிலிபியில் தொடராக எழுதலாம். தேவைக்கு முப்பது பிரதி அச்சடித்து, மாலை போட்டு வெளியீட்டு விழாவும் நடத்திவிடலாம். பத்திராதிபர்களின் கோட்டை இடிந்தது, எழுத்து ஜனநாயகமாகிவிட்டது என்கிறார்கள். இந்தக் கொண்டாட்டத்துக்குள் இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன. முன்னே ராஜபாட்டை ஒன்று இருந்தது, அதில் சிலரைத்தான் விட்டார்கள் என்பது ஒன்று. நடுவில் இருந்தவர் ஒழிந்தால் இலக்கியம் தழைக்கும் என்பது மற்றொன்று. முதலாவது வரலாறு தெரியாமல் சொல்வது. இரண்டாவது வரலாற்றைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சொல்வது.

நவீனத் தமிழ் எழுத்தாளர் ராஜபாட்டையில் வந்ததே இல்லை. 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தைத் தந்த வேதநாயகம் பிள்ளை முன்சீப் வேலை பார்த்தவர். உப்பிலாகாவில் பணியாற்றிய அ. மாதவையா ஓய்வுக்குப் பிறகு சொந்த அச்சகம் வைத்து, ‘பஞ்சாமிர்தம்’ என்ற இதழையும் நடத்தினார். பாரதி 1920இல் கடையத்திலிருந்து தன் நாற்பது நூல்களை ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிடத் திட்டம் போட்டு நண்பர்களிடம் பணம் கேட்டு எழுதினார். நான்கு லட்சம் பிரதிகளும் மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் தன் முதல் நாடகமான ‘இந்திரமோகனா’வைத் தோழியிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். 1925இல் நொடித்துக் கிடந்த ‘ஜகன்மோகினி’யை வாங்கித் தன் நாவல்களுக்குத் தானே மேடை அமைத்துக்கொண்டார். நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதிய அவரை நம் விமர்சனம் ஒற்றை வரியில் கடந்துபோவது தனிக்கதை. சொந்தப் பிரசுரம் என்பது இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல என்பதற்கு இவ்வளவு போதும்.

அடுத்து வந்தவர்கள் அச்சகத்துக்குள்ளிருந்தே புறப்பட்டார்கள். விந்தன் ஆனந்த விகடன் அச்சகத்தில் கம்பாசிடர். பிறர் கதையைக் கோத்த கை, பிறகு ‘கல்கி’யில் தன் கதையை எழுதியது. ஜெயகாந்தனின் பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமும் அச்சகமும்தான் அவருக்குக் கல்லூரி. வ. விஜயபாஸ்கரன் 1955 முதல் 1962 வரை நஷ்டப்பட்டே நடத்திய ‘சரஸ்வதி’ அவருக்கு இடம் கொடுத்தது. கரிசல்காட்டு விவசாயி கி. ராஜநாராயணனின் ‘மாயமா’னும் அதில் வந்ததுதான்.

அன்றைய அச்சு முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், என் வாதமே அதில்தான் இருக்கிறது. கம்பாசிடர் ஒவ்வொரு எழுத்தாக அச்செழுத்துப் பெட்டியின் அறையிலிருந்து எடுத்து ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் அடுக்குவார். கொம்புக்கு ஓர் அச்சு, காலுக்கு ஓர் அச்சு. கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிக் கிடக்கும் வரியை அவர் சரளமாக வாசித்துக்கொண்டே போவார். கேலி புரூஃப் எடுத்து ஒருவர் திருத்துவார், பக்கம் கட்டிய பிறகு இன்னொருவர் பார்ப்பார். சிறிய அச்சகங்களில் ஈய எழுத்து போதாது. ஒரு ஃபாரம், அதாவது ஒரே தடவையில் அச்சாகும் பக்கத் தொகுதி, ஓடி முடிந்து, எழுத்துகளைப் பிரித்து அறையில் போட்ட பிறகுதான் அடுத்த ஃபாரம் கோக்க முடியும். ஆக, ஒரு கதை ட்ரெடில் அச்சு இயந்திரத்தில் ஏறுவதற்குள் குறைந்தது மூன்று பேர் அதை வரி வரியாக வாசித்திருப்பார்கள். அவர்களில் ஒருவராவது அதற்காகக் கைக்காசு போட்டிருப்பார்.

அப்படிக் கைக்காசு போட்டதில் நாம் ஓயாமல் போற்றுவது சி.சு. செல்லப்பாவை. போற்ற வேண்டியவர்தான். 1959 ஜனவரியில் தொடங்கி 119 இதழ்கள் ‘எழுத்து’. 1962இல் இருபத்து நான்கு கவிஞர்களின் அறுபத்து மூன்று கவிதைகளோடு ‘புதுக்குரல்கள்’. புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய அலைச்சல். முதுமையில் ‘சுதந்திர தாகம்’ நாவலின் மூன்று பாகங்களையும் அவரே வெளியிட்டார். சாகித்திய அகாதெமிக்கு அது கண்ணில் பட்டபோது, 2001இல், அவர் உயிரோடு இல்லை. இவ்வளவையும் ஒப்பிக்கத் தெரிந்த தமிழ்நாட்டு விமர்சகரிடம் டொமினிக் ஜீவாவைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான் பதில். இந்தக் கட்டுரையின் ஆதங்கம் அதுதான்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன். அதன் உரிமையாளர் டொமினிக், 1927இல் பிறந்தவர், பள்ளியைப் பாதியில் விட்டவர். யாழ்ப்பாணம் வந்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ப. ஜீவானந்தத்தின் பாதிப்பில் தன் பெயரோடு ஜீவாவைச் சேர்த்துக்கொண்டார். அந்தச் சலூனே தன் பல்கலைக்கழகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். முதல் தொகுதி ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் வந்து, இலங்கை சாகித்திய மண்டலத்தின் பரிசைப் பெற்றது. ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்து பேச்சுத் தமிழில் எழுதியவர்களை ‘இழிசனர் இலக்கியம்’ என்று பண்டிதர்கள் ஏசிய காலம் அது. பரிசு பெற்ற கையோடு ஒரு பெரிய பத்திரிகையை அண்டிப் பிழைத்திருக்கலாம். அவர் 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார்.

ஆசிரியர், நிர்வாகி, விற்பனையாளர் எல்லாம் ஒருவரே. இதழ்க் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து விற்றார். முடிவெட்டிக்கொள்ள வந்தவரோடு இலக்கியம் பேசினார், இலக்கியம் பேச வந்தவரை எழுதவைத்தார். பிரபலங்களுக்கென்று வைத்திருந்த அட்டைப் பக்கத்தில் எழுத்தாளர்களின் படத்தைப் போட்டார். சிங்களக் கதைகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். இரு இனங்களும் ஒன்றையொன்று வாசிக்க மறந்துகொண்டிருந்த தேசத்தில் அது சின்னக் காரியம் அல்ல. போர் வந்தது. காகிதத் தட்டுப்பாட்டில் பள்ளிக் கொப்பித் தாளில்கூட யாழ்ப்பாணத்தில் அச்சடித்தார்கள். ஜீவா கொழும்புக்கு இடம்பெயர்ந்தார், மல்லிகையும் கூடவே போனது. 2012 வரை நானூறுக்கும் மேற்பட்ட இதழ்கள். ‘மல்லிகைப் பந்தல்’ வழியாக நூல்கள் வேறு. 2021 ஜனவரியில் அவர் மறைந்தபோது நம் பத்திரிகைகள் கொடுத்த இடம் சொற்பம்.

மல்லிகை எல்லோருக்கும் இடம் கொடுத்தது, தராதரம் பார்க்கவில்லை என்பது பழைய குற்றச்சாட்டு. பாதி உண்மை. ‘எழுத்’தின் கறார் அதில் இல்லை, கட்சிச் சார்பு சில கதைகளைத் தகுதிக்கு மேல் தூக்கிவிட்டதும் நடந்தது. ஆனால் அங்கே வந்த ஒவ்வொரு கதையையும் ஒருவர் வாசித்தார், அச்சுக்கூலிக்குப் பொறுப்பேற்றார், வாங்கிப் படித்தவர் தெருவில் வழிமறித்துக் கேட்டால் பதில் சொன்னார். ஆள் யார், சாதி என்ன, பட்டம் என்ன என்று கேட்காமல் கதையை மட்டும் கேட்ட ஆசிரியர் அவர். ஒரு பிராந்தியத்தின் எழுத்துக்கு முகவரி கொடுக்க அதைவிடப் பெரிய தகுதி தேவையில்லை.

இந்தப் பாதை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தொடர்ந்தது. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தது வணிகப் பதிப்பகத்திலிருந்து அல்ல, மதுரையில் ஒரு சமூக ஆய்வு மையத்திலிருந்து. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறி வந்தவரின் குமுறலைக் கேட்டு, எழுதச் சொன்னவர் ஒரு பாதிரியார். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்த தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, நம் இலக்கியவாதிகள் புரட்டியே பார்க்காத ‘முஸ்லிம் முர’சில் தொடராக வந்தது. பள்ளி ஆசிரியர் இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளை 1994இல் வெளியிட்டது க்ரியா. கைப்பிரதியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டத் தயங்காத பதிப்பாளர் ராமகிருஷ்ணன் அங்கே இருந்தார். கேட்டவர், தொடராக ஏந்தியவர், செப்பனிட்டவர் என்று வேலை வேறுவேறு. மூன்று இடத்திலும் எழுதியவரைத் தவிர இன்னொருவர் அந்தப் பிரதியின்மேல் எதையோ பணயம் வைத்தார்.

நடுவில் இருந்தவர்களெல்லாம் உத்தமர்கள் என்று சொல்லவரவில்லை. சாதி பார்த்த ஆசிரியர்கள் இருந்தார்கள், பெண் எழுதினால் சமையல் குறிப்பு கேட்டவர்கள் இருந்தார்கள், தன் கோஷ்டிக்கு மட்டும் பக்கம் ஒதுக்கிய சிற்றிதழ்களும் இருந்தன. அவர்களுக்கு மாற்றாக வந்தவர்கள் இன்னொரு ஆசிரியரைத் தேடினார்கள், அல்லது தாங்களே ஆசிரியர் ஆனார்கள். ஆசிரியரே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை.

இன்றைய சுயபதிப்பில் பணயம் வைப்பது எழுதியவர் மட்டுமே. பணம் கட்டிப் புத்தகம் போட்டுக்கொள்வது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. நூலக ஆணையை நம்பிக் கவிதைத் தொகுதி போட்டவர்கள் அன்றும் உண்டு. அந்தத் தொகுதிகள் எங்கே போயின என்பதை நாம் கேட்பதே இல்லை. இப்போது அதே வியாபாரம் மின்னணுச் சட்டை போட்டு வந்திருக்கிறது. எழுத்துப்பிழை, வேகாத கதை, பாதியில் செத்த பாத்திரம் எல்லாமே நட்சத்திரக் குறிகளோடு மேலே மிதக்கின்றன. நண்பர்களின் விருப்பக்குறியை விமர்சனம் என்று நம்பும் இளைஞரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு ‘இந்த இரண்டாம் அத்தியாயம் தேவையில்லை’ என்று சொல்ல ஒருவரும் வாய்க்கவில்லை. கோடிக்கணக்கில் பணம் புரளும் பதிப்பகங்கள்கூடப் பிழைதிருத்துநர் ஒருவரை வைத்துக்கொண்டு எடிட்டர் இருப்பதாகக் கணக்குக் காட்டும் நாட்டில் அவர் எங்கே போவார்?

குறுக்குவழியில் வருபவர் வரட்டும், தமிழ் வளர்ந்ததே அப்படித்தான். செய்ய வேண்டியது இரண்டு. பதிப்பாளர்கள் கைப்பிரதியை வாசித்துத் திருத்தும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்க வேண்டும். அந்தச் செலவைப் புத்தக விலையில் ஏற்றினாலும் வாசகர் கோபிக்க மாட்டார். எழுதுபவர், முகம் கோணாமல் ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய ஒருவரிடமாவது கைப்பிரதியைக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகு ‘பதிவேற்று’ பொத்தானைத் தொடட்டும். அப்படி ஒருவர் அகப்படவில்லையென்றால், ஜீவா செய்ததுபோல இன்னொருவர் கதையை வாசித்து அவருக்காகக் கைக்காசு போட்டுப் பார்க்கட்டும். தன் கதையில் எதை வெட்ட வேண்டும் என்பது அப்போது தானாகவே தெரிந்துவிடும்.