இவானின் கேள்வியும் ஒரு தாயின் அழுகையும்

ஆஸ்திகர் எழுதுகிற நாவலில் ஒரு நாஸ்திகன் வந்தால், கடைசி அத்தியாயத்துக்குள் அவன் காய்ச்சலில் விழுந்து கடவுளைக் கூப்பிட்டாக வேண்டும். நாஸ்திகர் எழுதினாலோ பூசாரியின் மடியில் கோயில் நகை இருக்கும். இரண்டும் எழுதச் சுலபம். எதிராளிக்குப் பேச வராதபடி பார்த்துக்கொண்டு, பிறகு அவனை ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வது விவாதமல்ல, இலக்கியமும் அல்ல.

டாஸ்டாயெவ்ஸ்கி விசுவாசி. ஆனால் 1879-80ல் அவர் தொடராக எழுதிய ‘கரமஸாவ் சகோதரர்கள்’ நாவலில் இவானுக்குக் கொடுத்திருக்கும் வாதத்துக்கு ஈடாக, எந்த நாஸ்திகரும் தம் கட்சிக்கு எழுதிக்கொண்டதில்லை என்பது என் அபிப்பிராயம். இவான் கடவுள் இல்லையென்று நிரூபிக்கக் கிளம்பவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறான். குழந்தைகள் படும் சித்திரவதைக்கு என்ன சமாதானம் என்றுதான் கேட்கிறான். அந்த வேதனையை விலையாகக் கொடுத்து வாங்குகிற சுவர்க்கம் தனக்கு வேண்டாம் என்று மறுத்துவிடுகிறான்.

இதற்குத் தாம் எழுதப்போகும் பதில் போதுமானதாக இருக்குமா என்று, 1879ல் போபெதனோஸ்த்ஸெவுக்கு எழுதிய கடிதத்தில் டாஸ்டாயெவ்ஸ்கியே பயப்பட்டார். நியாயமான பயம். ஸோஸிமா என்ற துறவியின் உபதேசங்களாக வரும் அந்தப் பகுதியை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது. இவானுக்குப் பதில் அங்கே இல்லை.

விமர்சகர்கள் இவான் சொல்கிற மத விசாரணை அதிகாரியின் கதையிலேயே தங்கிவிடுகிறார்கள். அதற்கு வெகு முன்பே, மடத்து வாசலில் காத்திருக்கும் குடியானவப் பெண்களில் ஒருத்தி வருகிறாள். மற்றப் பிள்ளைகளையெல்லாம் முன்பே பறிகொடுத்தவள். கடைசிப் பிள்ளையும் இப்போது போய்விட்டது. மூன்று வயதுக்கு மூன்று மாதம் குறைவு, பெயர் அலெக்ஸி. பெரியவர் முதலில் எல்லோரும் சொல்வதைத்தான் சொல்கிறார்: குழந்தை தேவதூதர்களோடு இருக்கிறது. என் புருஷனும் இதையேதான் சொன்னான், சொல்லிவிட்டு அவனும் அழுகிறான் என்கிறாள் அவள். அவளுக்கு வேண்டியது, அந்தச் சின்னக் காலடிச் சத்தம் ஒரே ஒரு தடவை. குழந்தையின் இடுப்புக் கச்சையை எடுத்துப் பார்த்ததும் உடைந்துபோகிறாள். அப்புறம்தான் பெரியவரின் பேச்சு மாறுகிறது. ஆறுதல் அடையாதே, அழு என்கிறார்.

1878 மே மாதம் டாஸ்டாயெவ்ஸ்கியின் மகன் அல்யோஷா வலிப்பு வந்து இறந்தான். அவனுக்கும் மூன்று வயதுக்கு மூன்று மாதம் குறைவு. வலிப்பு நோய் தகப்பனுக்கும் உண்டு. அடுத்த மாதம் அவர் ஆப்டினா மடத்துக்குப் போய் அம்ப்ரோஸி என்ற துறவியைப் பார்த்தார். அங்கே கேட்ட வார்த்தைகள்தாம் இந்த அத்தியாயத்தில் வருகின்றன என்று அவர் மனைவி அன்னா எழுதியிருக்கிறார்.

இவான் அடுக்கும் கொடுமைகள் பத்திரிகைச் செய்திகளிலிருந்து எடுத்தவை என்பார்கள். இருக்கலாம். அந்தக் கோபம் பத்திரிகையில் கிடைக்காது. கேள்வியும் பதிலும் ஒரே சின்னக் குழிமேட்டிலிருந்து எழுந்தவை என்றே நான் படிக்கிறேன்.

நாஸ்திக நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “கடவுளுக்காக வாதாட முடியாமல்தானே உங்கள் பெரியவர் அழச் சொல்கிறார்? தோற்றுப்போனார் என்று ஒப்புக்கொள்ளுங்களேன்” என்றார். வாதத்தில் தோற்றதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டைவிட்டு வந்து மூன்று மாதமாகத் திரும்பிப் போக மனமில்லாமல் அலைந்த அந்தத் தாய், அவர் சொல்லைக் கேட்டுப் புருஷனிடம் போகிறேன் என்கிறாள்.