மஞ்சள் தனி நிறமா? – இராமனின் நூலும் மீனின் விழித்திரையும்

மீன் வாங்குவோர் முதலில் அதன் கண்ணைப் பார்ப்பார்கள். எங்கள் உச்சிப்புளிப் பக்கத்தில் இது வழக்கம். கண் தெளிவாக இருந்தால் மீன் புதியது. அதே கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரை, ஒரு பெரிய இயற்பியலறிஞரின் நூலை எடைபோடவும் நமக்கு உதவுகிறது.

சர் சி. வி. இராமன் எண்பது வயதை எட்டிய 1968-ஆம் ஆண்டில், பார்வையின் உடலியல் பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்டார். நிற வடிகட்டி ஒன்றின் வழியே வெண்திரையைச் சற்று நேரம் உற்று நோக்கி, வடிகட்டியைச் சட்டென்று விலக்கினால், திரையில் என்ன தோன்றுகிறது? இத்தகைய எளிய சோதனைகளே நூலின் சிறப்பு. நீங்களும் செய்து பார்க்கலாம்.

குறை எங்கே? யங்கும் ஹெல்ம்ஹோல்ட்சும் கண்ட மூவகை ஏற்பிக் கொள்கையை இராமன் மறுக்கிறார். மஞ்சள் நமக்குச் சிவப்பும் பச்சையும் கலந்ததாகத் தோன்றவில்லை. அது தனி நிறம் என்கிறார். ஆனால் உணர்வு என்பது இறுதி விளைவு. வானொலியில் பாட்டைக் கேட்டு, உள்ளே எத்தனை டிரான்சிஸ்டர்கள் உள்ளன என்று கூற முடியுமா?

உள்ளே அளந்து பார்த்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர் டொமிட்டாவும் அவர் குழுவினரும். கெண்டை மீனின் ஒற்றைக் கூம்புச் செல்லினுள் மிக நுண்ணிய மின்முனையைச் செருகினர். ஒளி பட்டதும் செல்லின் உட்புற எதிர் மின்னழுத்தம் மேலும் கூடியது. ஒளியின் அலைநீளத்தை மாற்றியபோது கூம்புகள் மூன்று வகையாகப் பிரிந்தன. அவற்றின் உச்சங்கள் ஏறத்தாழ 462, 529, 611 நானோமீட்டர். இம்முடிவு 1967-இல் வெளியாயிற்று. கெண்டை மனிதனாகுமா என்பீர்கள். மனிதக் கூம்புகள் ஒளியை உட்கவர்வதை 1964-இல் அளந்தபோதும் மூன்று வகைகளே தெரிந்தன.

அப்படியானால் மஞ்சளைப் பற்றிய இராமனின் ஐயம் வீணா? இல்லை. ஸ்வேட்டிச்சின் 1953 முதல் மீன் விழித்திரையில் பதிவு செய்த மின்னழுத்தங்களுள் சில, ஒரு நிறத்துக்கு ஒரு திசையிலும் மற்றொரு நிறத்துக்கு எதிர்த்திசையிலும் மாறின. முதலில் கூம்புகளுடையவை என்று கருதப்பட்ட இவை, அடுத்த அடுக்கிலுள்ள கிடைச் செல்களுடையவை என்பது பின்னர் தெரிந்தது. ஆகவே, மூன்று செய்திகள் விழித்திரையிலேயே கூட்டல் கழித்தலுக்கு உள்ளாகின்றன. மஞ்சளின் தனித்தன்மைக்கு வேர் அங்கே இருக்கலாம்.

இராமன் கண்டது மெய். அதிலிருந்து அவர் தாவிய முடிவுதான் பொருந்தவில்லை. மாணவ நண்பர்களே, இந்நூலைப் படியுங்கள், சோதனைகளைச் செய்யுங்கள். இராமன் சொன்னார் என்பதற்காக மட்டும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். சொன்னவரின் புகழன்று, அளவீடே இறுதித் தீர்ப்பு.