கடைக் கார்டு: பில் கட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

கடைக் கார்டு விளம்பரங்கள் எல்லாம் வாங்கும் நேரத்தைப் பற்றியே பேசுகின்றன. ஐந்து சதவீதம் கேஷ்பேக், ஆண்டுக் கட்டணம் கிடையாது, வரவேற்புக் கூப்பன், போனிலேயே உடனடி ஒப்புதல். பணம் கட்டும் நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆனால் ஒரு கடைக் கார்டு நமக்கு லாபமா நஷ்டமா என்பது பில் கட்டும் திரையில்தான் முடிவாகிறது. அதனால் இந்த விமர்சனத்தில் கேஷ்பேக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, பில் கட்டும் வழிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆன்லைன் கடை ஒன்று ஒரு வங்கியோடு சேர்ந்து வழங்கும் கார்டு என்னிடம் இருக்கிறது. மளிகை, மின்கட்டணம், பெட்ரோல் எல்லாம் அதில்தான். அதன் பில்லைக் கடையின் ஆப், வங்கியின் ஆப், யுபிஐ ஆப், ஆட்டோ டெபிட் என்று நான்கு வழியிலும் கட்டிப் பார்த்திருக்கிறேன். குறைகளைச் சொல்லப்போவதால் கடை, வங்கி இரண்டின் பெயரையும் எழுதவில்லை. வீட்டாரும் நண்பர்களும் வைத்திருக்கும் வேறு கார்டுகளின் ஆப்களையும் திறந்து பார்த்தேன். பெரும்பாலான குறைகள் அவற்றுக்கும் பொதுவாகவே இருந்தன.

முதலில் கடன் கொடுப்பது யார் என்பது தெளிவாக வேண்டும். அமேசான் பே ஐசிஐசிஐ, ஃபிளிப்கார்ட் ஆக்சிஸ், டாடா நியூ எச்டிஎஃப்சி என்று இந்தக் கார்டுகளுக்கு இரண்டு பெயர்கள். கடையின் பெயர்தான் கண்ணில் படும். கடன் கொடுப்பது வங்கி. பில் அனுப்புவது, வட்டி போடுவது, தாமதக் கட்டணம் பிடிப்பது, சிபிலுக்குத் தகவல் தருவது எல்லாம் வங்கியின் வேலை. வட்டியைப் பற்றிக் கடையின் சேவை மையத்துக்குப் போன் போட்டால் ‘பேங்கைக் கேளுங்க சார்’ என்றுதான் பதில் வரும். அமெரிக்காவில் அந்தந்தக் கடையில் மட்டும் செல்லும் கார்டுகளும் உண்டு. நான் சொல்லும் இந்தக் கார்டுகள் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே வழியாக எல்லாக் கடையிலும் செல்லும் முழு கிரெடிட் கார்டுகள். ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு நெறிமுறைகள் இவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

வட்டி இல்லாமல் தப்பிக்க இரண்டு தேதிகளை நினைவில் வைத்திருந்தால் போதும். பில் போடும் தேதி ஒன்று, கடைசித் தேதி ஒன்று. பில் தேதி 15, கடைசித் தேதி அடுத்த மாதம் 4 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 16 அன்று வாங்கிய பொருள் ஜூலை 15 பில்லில் வரும். ஆகஸ்ட் 4 வரை நேரம் உண்டு. அதாவது 49 நாள் வட்டி இல்லாத கடன். அதே பொருளை ஜூலை 14 அன்று வாங்கினால் 21 நாள்தான். பெரிய செலவு ஏதும் இருந்தால் பில் போட்ட மறுநாள் வாங்குவது நல்லது. கடைசித் தேதி சம்பள நாளுக்கு ஒத்துவரவில்லை என்றால் அதையும் மாற்றலாம். பில் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. என் ஆப்பில் அந்த வசதி இருந்தது. ஆனால் ‘சேவைகள்’, அதற்குள் ‘கார்டு’, அதற்குள் ‘மற்றவை’ என்று தேடிப் போக வேண்டியிருந்தது. ‘லோன் வேண்டுமா’ பொத்தானோ முதல் திரையிலேயே இருக்கிறது.

அந்த 49 நாள் சலுகைக்கு ஒரே நிபந்தனைதான்: பில்லில் உள்ள மொத்தத் தொகையையும் கடைசித் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் சலுகை போய்விடும். வட்டி கடைசித் தேதியிலிருந்து தொடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொருள் வாங்கிய தேதிக்கே பின்னோக்கிப் போய் அங்கிருந்து கணக்கிடுவார்கள். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும், அரைக் கிலோ துவரம்பருப்பாக இருந்தாலும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 20 அன்று 20,000 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷின். ஜூலை 15 பில்லில் மொத்தம் 20,000. குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம், அதாவது 1,000. ஆகஸ்ட் 4 அன்று அந்த ஆயிரத்தை மட்டும் கட்டுகிறோம். பல வங்கிகள் மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி போடுகின்றன. 3.75 என்றால் ஆண்டுக்கு 45 சதவீதம். கட்டாமல் விட்ட 19,000 ரூபாய்க்கு மட்டும், ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 15 வரை 56 நாளுக்குக் கணக்கிட்டாலே வட்டி 1,312 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 236. அடுத்த பில்லில் பாக்கி 20,548. ஆயிரம் ரூபாய் கட்டிய பிறகும் கடன், மெஷின் வாங்கிய நாளில் இருந்ததைவிட அதிகம்.

வங்கி நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டால் இந்த வட்டி மூன்று மடங்குக்கும் மேல். இதற்கு மேல்வரம்பும் கிடையாது. கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

இனி திரைக்கு வருவோம். கடையின் ஆப்பில் ‘பில் கட்டு’ என்பதைத் தொட்டால் மூன்று தொகைகள் வரும்: பில்லின் மொத்தத் தொகை, குறைந்தபட்சத் தொகை, நாமே போட்டுக்கொள்ளும் வேறு தொகை. சில ஆப்களில் நான்காவதாக இன்றுவரையான பாக்கியும் உண்டு. பில் போட்ட பிறகு வாங்கியவையும் அதில் சேர்ந்திருக்கும். வட்டியைத் தவிர்க்க அவ்வளவு கட்டத் தேவையில்லை. பில்லின் மொத்தத் தொகை போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘இவ்வளவு பணத்துக்கு இப்போ எங்கே போக’ என்று திகைத்து, மினிமத்தைக் கட்டிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு எண்களையும் ஒரே அளவு எழுத்தில், விளக்கம் இல்லாமல், ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

என் ஆப்பில் மொத்தத் தொகை முதலில் தேர்வாகியிருக்கிறது. இது பாராட்ட வேண்டியது. ஆனால் மினிமத்தைத் தொட்டால் ஓர் எச்சரிக்கைகூட வருவதில்லை. பச்சை நிறப் பொத்தான், பணம் போனதும் ஒரு டிக் அடையாளம், ‘நன்றி’. மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் இழுக்கும், வட்டிக்கு வட்டி ஏறும் என்ற வாசகத்தை ஸ்டேட்மெண்ட்டில் போட்டாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப்பில் அது இருக்கிறது. பாஸ்வேர்டு போட்டு அந்த பிடிஎஃப்பைத் திறந்து படிப்பவர் எத்தனை பேர்? அந்த ஒரு வரி பொத்தானுக்கு மேலே இருந்தால் எத்தனையோ குடும்பங்களின் பணம் மிஞ்சும். இதைச் செய்ய எந்தப் புதுத் தொழில்நுட்பமும் வேண்டியதில்லை.

வங்கியின் ஆப் இந்த விஷயத்தில் மேல். பில் தேதி, கடைசித் தேதி, எந்தச் செலவு எந்தப் பில்லில் வரும் என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. கட்டிய தொகையும் உடனே வரவாகிறது. அழகு குறைவு, நுழையவும் நேரம் பிடிக்கிறது. பரவாயில்லை.

யுபிஐ ஆப் வழியும் இப்போது நம்பகமாகிவிட்டது. வெளி ஆப்கள் வழியாகக் கட்டும் கார்டு பில்கள், இன்று பாரத் கனெக்ட் என்று பெயர் மாறியிருக்கும் பாரத் பில் பேமெண்ட் முறை வழியாகத்தான் போக வேண்டும் என்று 2024-ல் ரிசர்வ் வங்கி வரையறுத்தது. கார்டின் கடைசி நான்கு எண்ணையும் பதிவான மொபைல் எண்ணையும் கொடுத்தால் பில் தானாக வந்து நிற்கும். கூடுதல் கட்டணம் ஏதாவது சேர்கிறதா என்று கடைசித் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் கடைசி நாள் இரவுவரை தள்ள வேண்டாம். இரண்டு நாள் முன்னால் கட்டிவிட்டால் சர்வர் மக்கர் செய்தாலும் கவலை இல்லை. ‘பில் பாக்கி, உடனே கட்டவும்’ என்று எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள்.

ஆனால் மறதிக்காரர்களுக்கும் வேலைப்பளு உள்ளவர்களுக்கும் உண்மையான காவல் ஆட்டோ டெபிட்தான். நான்கு வழிகளிலும் நான் முதலிடம் கொடுப்பது அதற்கே. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அதை அக்காவின் போனில் பார்த்தேன். திருச்சியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, “ஆட்டோ டெபிட்தான் போட்டிருக்கேன், அப்படியும் மாசாமாசம் ஏதோ பிடிக்கிறான்டா” என்றாள். போனை வாங்கி ஆப்பின் அமைப்புகளைத் திறந்தேன். ‘ஆட்டோபே: செயலில் உள்ளது’ என்று பச்சை எழுத்து. அதைத் தொட்டு உள்ளே போனால் சாம்பல் நிறத்தில் சின்னதாக இன்னொரு வரி: குறைந்தபட்சத் தொகை.

“அக்கா, இது மினிமத்தை மட்டும்தான் எடுக்குது.”

“கார்டு குடுக்க வந்த பையன் அதுவே போதும்னு சொன்னானே. ஃபைன் வராதுன்னான்.”

அந்தப் பையன் சொன்னது பொய்யும் இல்லை. மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபிலில் தாமதம் என்று பதிவாகாது. வட்டி வரும் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. பதிவுசெய்யும் திரையில் மினிமம்தான் முன்கூட்டியே தேர்வாகியிருந்ததாம். அதை மொத்தத் தொகைக்கு மாற்றினோம். மாற்றம் நடைமுறைக்கு வர அடுத்த பில் வரை ஆகும் என்று அறிவிப்பு வந்ததால் அந்த மாதப் பில்லைக் கையாலேயே முழுதாகக் கட்டவைத்தேன். ஆட்டோ டெபிட் வைத்திருப்பவர்கள் கடைசித் தேதியில் வங்கிக் கணக்கில் அந்தப் பணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பிய டெபிட்டுக்கு ஒரு கட்டணம், கார்டுக்கு ஒரு தாமதக் கட்டணம் என்று இரண்டு அடி விழும்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’யைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைக் கார்டை நம் கையில் திணிப்பதே அதற்காகத்தான். இதில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அதே அளவு தள்ளுபடியைக் கடையோ தயாரிப்பாளரோ முன்கூட்டியே விலையில் கழித்துவிடுகிறார்கள். அந்த வட்டிக்கு உண்டான ஜிஎஸ்டியும், பல இடங்களில் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில். அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் மாற்றும் முன்பே தெளிவாகக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தத் திரையை அவசரமாகத் தாண்டாமல் படியுங்கள். முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்ட முடியாத பெரிய பொருளுக்கு, மினிமம் கட்டிக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல். மாதத் தவணையும் பில்லின் மொத்தத்தில் சேர்ந்தேதான் வரும். அந்த மொத்தத்தை முழுதாகக் கட்ட வேண்டும்.

பொருளைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு ஒரு குறிப்பு. பில் கட்டும் முன் ரீஃபண்ட் வந்துவிட்டால் அதை வங்கி உடனே பாக்கியில் கழித்துத் தெரிவிக்க வேண்டும். ரீஃபண்ட் வராமல் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று கடை ஆப் காட்டிக்கொண்டிருந்தால், அதை நம்பிக் குறைத்துக் கட்டாதீர்கள். பில் தொகையை முழுதாகக் கட்டுங்கள். ரீஃபண்ட் பிறகு வரவாகும். கேஷ்பேக்கையும் பணம் கட்டியதாக நினைத்துக் கழிக்க வேண்டாம்.

நம் பக்கம் நிற்கும் விதிகளும் உண்டு. கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆன பிறகுதான் தாமதக் கட்டணம் போடலாம், சிபிலுக்கும் சொல்லலாம். அந்த மூன்று நாளை வட்டி இல்லாத நாளாக எண்ணிவிடாதீர்கள். அப்படி விதியில் இல்லை. கட்டாமல் விட்ட தொகைக்குத்தான் தாமதக் கட்டணம் கணக்கிட வேண்டும்; கட்டணம், வரி போன்றவற்றின்மீது வட்டி ஏற்றக் கூடாது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். உதவி எண் 14448.

தீர்ப்பு இதுதான். மாதாமாதம் மொத்தத் தொகையையும் கட்ட முடிகிறவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லாத கடைக் கார்டு நல்ல கருவி, தாராளமாக வாங்கலாம். பாக்கி வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு எந்தக் கேஷ்பேக்கும் ஈடாகாது. அவர்கள் வாங்க வேண்டாம். ஏற்கெனவே பாக்கி ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் கார்டில் புதிதாக எதையும் வாங்காமல் முதலில் அதை அடைத்துவிடுங்கள். ஆட்டோ டெபிட் போட்டிருப்பவர்கள் இன்றே ஆப்பைத் திறந்து, அது எந்தத் தொகையை எடுக்கிறது என்று பாருங்கள். வீட்டில் பெரியவர்களிடம் கார்டு இருந்தால் அவர்கள் போனிலும் பாருங்கள்.