துரோகம் எங்கே நிகழ்ந்தது?

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசன் 1973-இல் வெளியிட்ட ‘சூலா’, அவருடைய இரண்டாவது நாவல். சூலா, நெல் என்னும் இரு தோழியரின் கதை அது. தோழியின் கணவனைத் தோழியே கவர்ந்துகொண்ட கதை என்று ஒரே வரியில் அதைச் சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. அவ்வாறு சொன்னால் நாவலில் பாதியைத்தான் சொன்னதாகும்.

ஓஹையோ மாநிலத்தில், ‘அடிவாரம்’ எனப் பெயர் கொண்ட கறுப்பர் குடியிருப்பு உண்மையில் குன்றின்மேல் இருக்கிறது. வளமான பள்ளத்து நிலம் தருவதாக வாக்களித்த வெள்ளை எசமான், வானுலகிலிருந்து பார்த்தால் இதுவே அடிப்பகுதி எனக் கூறி, அடிமையின் தலையில் மேட்டு நிலத்தைக் கட்டிவிட்டானாம். ஊரின் பெயரே ஒரு வஞ்சனையின் நினைவு!

1922-இல் தோழியர் இருவருக்கும் பன்னிரண்டு வயது. ஆற்றங்கரையில் சூலா ஒரு சிறுவனைக் கைபற்றிச் சுழற்றுகிறாள்; பிடி நழுவ, அவன் நீரில் விழுந்து மூழ்கிப்போகிறான். இருவரும் அதை வெளியே சொல்வதில்லை. சூலா அழுகிறாள், நெல் பதறாமல் நின்று அவளைத் தேற்றுகிறாள். அந்த நிதானத்தை நாமும் நற்குணமென்றே எண்ணிக் கடந்துவிடுகிறோம். ஆசிரியை நம்மைப் பிடிப்பது இங்கேதான்.

1927-இல் நெல்லுக்குத் திருமணம். சூலா ஊரைவிட்டுப் போகிறாள். பத்தாண்டுகள் கழித்துத் திரும்புகிறவளால் நெல்லின் குடும்பம் குலைகிறது. கணவன் ஜூட் மனைவியையும் மக்களையும் விட்டுச் செல்கிறான். இச்செயலை நாவல் நியாயப்படுத்துகிறதென்று கருதி அதை ஒதுக்குவது தவறு. 1940-இல் நோயுற்றுக் கிடக்கும் சூலாவை நெல் காணச் செல்லும் அத்தியாயத்தில் ஆசிரியை எவருக்கும் பரிந்து பேசவில்லை. நல்லவள் நீதான் என்று எப்படி அறிந்தாய் எனச் சாகும் தறுவாயிலும் சூலா கேட்கிறாள். குற்றவாளியின் வாயிலிருந்து வருவதனாலேயே அக்கேள்வியைத் தள்ளிவிட முடியுமா?

அடுத்து வரும் 1941-ஆம் ஆண்டு அத்தியாயத்தில் சுரங்கம் இடிந்து பலர் மடிகின்றனர். தோழியர் கதையோடு அது முழுமையாக ஒட்டவில்லை என்பது என் கருத்து.

1965-இல் சூலாவின் பாட்டி ஈவா, முதியோர் இல்லத்தில், அச்சிறுவனை எப்படிக் கொன்றாய் என நெல்லைக் கேட்கிறாள். சூலாதான் செய்தாள் என்கிறாள் நெல். நீயும் பார்த்துக்கொண்டுதானே நின்றாய் என்கிறாள் கிழவி. அன்றைய நிதானத்தில் தனக்குள் ஓர் இன்பம் இருந்ததை நெல் அப்போதுதான் உணர்கிறாள். பின்னர், இடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் மற்றொன்றும் தெளிகிறது. இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கணவனை எண்ணி ஏங்கியதாக நினைத்திருந்தவள், ஏங்கியது சூலாவுக்காகவே என்று அறிகிறாள். தோழி மாண்டு இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், நடுவழியில் நின்று அவள் கதறுகிறாள்.