நோயியலைப் பற்றிய மாணவர் கட்டுரை: புகழுரையா, ஆராய்ச்சியா?

மருத்துவத்தில் நோயியலுக்குரிய இடம் யாது? பிரிட்டனில் 1962-ஆம் ஆண்டு தோன்றி, 1970-இல் அரச பட்டயம் பெற்ற நோயியல் வல்லுநர் கல்லூரி, பட்டப் படிப்பு மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி நடத்தி வந்துள்ளது. அத்தகைய போட்டிக்கு ஏற்ற வினாவே இது. ஆனால், எளிதாகத் தோன்றும் இத்தலைப்பில் ஓர் இடர் மறைந்திருக்கிறது. ‘நோயியலே மருத்துவத்தின் அடித்தளம்’ என்று தொடங்கி, ‘நோயியல் இன்றேல் மருத்துவம் இல்லை’ என்று முடித்துவிடலாம். இடையில் ஒரு நோயாளிகூட வரவேண்டுவதில்லை. பசுவைப் பற்றி எழுதும் சிறுவன், பசுவைப் பாராமலே அதற்கு நான்கு கால் என்று எழுதுவது போன்றது அது. பிழையில்லை, பயனும் இல்லை.

இத்துறையின் மூல நூல்கள் அவ்வாறு எழுதப்படவில்லை. இத்தாலியின் பாதுவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோர்கான்யி, தம் 79-ஆம் வயதில், 1761-இல் வெளியிட்ட பெருநூலை நோக்குக. நோய்களின் இருப்பிடத்தையும் காரணத்தையும் ஆராயும் அந்நூல், இளம் நண்பர் ஒருவருக்கு எழுதிய 70 கடிதங்களாக அமைந்தது. ஏறத்தாழ 700 பேரின் நோய் வரலாறுகள் அதில் உள்ளன. உயிரோடிருந்தபோது நோயாளி பட்ட துன்பம் யாது, இறந்தபின் உடலுள் கண்ட மாறுதல் யாது என்று இரண்டையும் அருகருகே வைத்து, அவற்றிடையே உறவு தேடுகிறார் ஆசிரியர். நோய்க்குறியைக் கொண்டும், உடலிற் கண்டதைக் கொண்டும் தேடுவதற்கு அட்டவணைகளும் சேர்த்தார். நூல் மிக நீண்டது என்னும் குறையை மறுப்பதற்கில்லை. ஆயினும் சான்றின்றிப் பேசாமை அதன் பெருஞ்சிறப்பு.

அடுத்து வந்தவர் செருமானியரான விர்ஹோ. 1858-இல் பெர்லினில் அவர் ஆற்றிய 20 சொற்பொழிவுகள், நோயின் இருப்பிடத்தை உறுப்பிலிருந்து உயிரணுவிற்குக் கொண்டுசென்றன. மாணவர் பலரும் அறிந்த விர்ஹோ இவரே. ஆனால், பத்தாண்டுகளுக்கு முன்னர், 1848-இல், மேல் சிலேசியாவில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயச் சென்ற 26 வயது விர்ஹோவையும் மறத்தலாகாது. வறுமையும் கல்வியின்மையும் தீராமல் அந்நோய் தீராது என்று அவர் அறிக்கை எழுதினார். உருப்பெருக்கியில் கண் வைத்தவர், குடிசையின் மீதும் கண் வைத்தார்.

இவ்விரு பார்வையும் ஏன் வேண்டும் என்பதற்கு மலாயாவே சான்று. கோலாலம்பூரில் 1900-இல் நோயியல் ஆய்வுக்கழகம் நிறுவப்பட்ட காலத்தில், பெரிபெரி நோய் இங்குப் பலரை மாய்த்து வந்தது. இறந்தவர் உடலில் நரம்புகள் சிதைந்திருந்தன, இதயம் விரிந்திருந்தது. ஆனால், ‘ஏன்’ என்னும் வினாவிற்கு அந்நரம்பு விடை கூறவில்லை. தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழரை அந்நோய் அரிதாகவே அணுகியது. இவ்வேற்றுமையை எடுத்துக்காட்டிய டாக்டர் பிராடன், வெள்ளரிசியில் நஞ்சு இருப்பதாகக் கருதினார். ஐயம் சரி, காரணம் தவறு. ஜாவாவில் ஐக்மன் கோழிகளைக் கொண்டு முன்னரே வழி காட்டியிருந்தார். 1909-இல் பிரேசரும் ஸ்டான்டனும் தீட்டிய அரிசியே காரணம் என நாட்டினர். தொடர்ந்து நடந்த ஆய்வுகளால், குற்றம் நஞ்சன்று, தவிட்டோடு நீங்கிய ஒரு சத்தின் குறைவே என்பது தெளிவாயிற்று. பிணவறையில் எழுந்த வினாவிற்கு விடை அடுக்களையில் கிடைத்தது!

இவ்வெற்றியைப் பாடும் கட்டுரை இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டது. 1905-இல் டாக்டர் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவிற்குத் தீட்டிய அரிசியும், மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்துச் சோதித்தார். தீட்டிய அரிசி உண்டவருள் பலரை நோய் பற்றியது, இறந்தோரும் உண்டு. எந்தச் சோறு வேண்டும் என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. அறிவு வளர்ந்தது மெய். அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதும் மெய். முன்னதை மட்டும் எழுதுவது பாதி வரலாறே.

ஆகவே, இத்தலைப்பில் எழுதப் புகும் மாணவர் நோயியலைப் புகழ வேண்டுவதில்லை. ஒரு நோயை எடுத்து, உடலிற் கண்டதிலிருந்து காரணம் வரை படிப்படியாக நடந்து காட்டினாற் போதும். வழியில் தவறியவரையும், துன்புற்றவரையும் மறையாது கூறவேண்டும். மதிப்பெண் இடுவோரும் அடைமொழிகளை எண்ணாது, இப்படிகளை எண்ணுவாராக. நோயியலின் இடம் யாது என்பதை அக்கட்டுரையே விளக்கிவிடும்.