எல்லா இயந்திரத்திலும் ஓடும் என்ற வாக்குறுதி

2005ஆம் ஆண்டு, டெக்னாலஜிக் சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ரொட்டி வாட்டும் டோஸ்டருக்குள் சிறிய ஆர்ம் கணினிப் பலகை ஒன்றைப் பொருத்தி, அதில் நெட்பிஎஸ்டி இயங்குதளத்தை ஓட்டிக் காட்டியது. நெட்பிஎஸ்டி டோஸ்டரில்கூட ஓடும் என்று கணினிக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்த கேலி அன்று உண்மையானது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், எத்தனை வகை வன்பொருளில் ஓடுகிறோம் என்பதையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டது இது. அது ஓடும் தளங்களின் பட்டியல் ஐம்பதைத் தாண்டும். இன்றைய இன்டெல், ஏஎம்டி கணினிகள், ராஸ்பெரி பை, டெக் நிறுவனத்தின் வாக்ஸ், சன் நிறுவனத்தின் ஸ்பார்க், அமிகா, அட்டாரி, பழைய மேக்கின்டாஷ் எல்லாம் அதில் உண்டு; சேகாவின் டிரீம்காஸ்ட் விளையாட்டுப் பெட்டியும் உண்டு.

நெட்பிஎஸ்டியைப் புகழ்கிறவர்கள் இந்தப் பட்டியலைத்தான் காட்டுகிறார்கள். இகழ்கிறவர்களும் அதையே காட்டி, யாருக்கும் வேண்டாத இயந்திரங்களுக்காக உழைப்பு வீணாகிறது என்கிறார்கள். பல வன்பொருளில் நிறுவும் முயற்சி நிரலுக்கு என்ன செய்கிறது, நிறுவுகிறவருக்கு என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் இதன் வரவு செலவு தெரியும்.

யூனிக்ஸும் பிறக்கும்போது ஒரே இயந்திரத்தின் சொத்தாகத்தான் பிறந்தது. 1969இல் பெல் ஆய்வகத்தில் பிடிபி-7 கணினிக்காக அசெம்ப்ளி மொழியில் எழுதப்பட்டது. 1973இல் அதன் மையமான கெர்னலை சி மொழியில் திருப்பி எழுதிய பிறகே அதற்கு வேறு வீடு தேட முடிந்தது. 1977இல் ஆஸ்திரேலியாவின் வுலங்காங் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மில்லர் அதை இன்டர்டேட்டா 7/32 கணினிக்குக் கொண்டுபோனார். அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சியும் ஸ்டீபன் ஜான்சனும் இன்டர்டேட்டா 8/32இல் அதே வேலையைச் செய்தார்கள். இந்தக் கணினிகள் பைட்டுகளை அடுக்கும் வரிசை, யூனிக்ஸ் அதுவரை ஓடிய பிடிபி-11 அடுக்கும் வரிசையிலிருந்து வேறுபட்டது. ஒரே இயந்திரத்தை மனத்தில் வைத்து எழுதியவர்கள் தங்களை அறியாமல் நிரலில் விட்டிருந்த ஊகங்கள் அப்போது ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தரவு வகைகளில் சி மொழி காட்டும் கண்டிப்பு கூடியதற்கும் இந்த அனுபவம் ஒரு காரணம்.

1993இல் 386பிஎஸ்டி என்ற இயங்குதளத்திலிருந்து கிளைத்த நெட்பிஎஸ்டி, இந்தப் பாடத்தையே கொள்கையாக்கிக்கொண்டது. அதன் மூலநிரலில் இயந்திரத்தைச் சார்ந்த பகுதி தனி, சாராத பகுதி தனி; இதுவே முதல் வரவு. ஒரு பிசிஐ நெட்வொர்க் அட்டைக்கான டிரைவர், தான் எந்தச் செயலியில் ஓடுகிறோம் என்று கேட்பதில்லை. சாதனத்தின் ரெஜிஸ்டரை எப்படித் தொடுவது, நினைவகத்துக்கும் சாதனத்துக்கும் இடையே தரவை எப்படிக் கடத்துவது என்பதை இடையில் உள்ள ஓர் அடுக்கு கவனித்துக்கொள்கிறது. அதனால் ஒரே டிரைவர் இன்டெல், டெக்கின் ஆல்ஃபா, ஸ்பார்க் கணினிகளில் மாற்றமின்றி வேலை செய்கிறது. புதுத் தளத்துக்குப் போகிறவர் டிரைவர்கள் அத்தனையையும் புதிதாக எழுத வேண்டியதில்லை; அந்த இயந்திரத்துக்கே உரிய பகுதியை எழுதினால் பெரும்பாலும் போதும். ஏஎம்டியின் 64 பிட் சிப் சந்தைக்கு வருவதற்கு முன்பே, 2001இல், சிமுலேட்டரை மட்டும் வைத்து அதற்கான நெட்பிஎஸ்டியை உருவாக்க முடிந்தது இந்தக் கட்டமைப்பின் பலன்தான்.

பிழைகளைப் பிடித்துக் கொடுப்பது இரண்டாவது வரவு. நினைவகத்தில் நான்கால் வகுபடாத முகவரியிலிருந்து நான்கு பைட்டுகளைப் படித்தால் இன்டெல் செயலி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஸ்பார்க் அந்த நிரலை அங்கேயே நிறுத்திவிடும். முகவரியை 32 பிட் எண்ணுக்குள் திணித்த கவனக்குறைவு 32 பிட் கணினியில் வெளியே தெரியாது. 64 பிட் ஆல்ஃபாவில் உடனே உடையும். வீட்டில் யாரும் வைத்திராத இயந்திரத்தில் அகப்பட்ட பிழை, எல்லோர் மேசையிலும் உள்ள இயந்திரத்தில் திருத்தப்படுகிறது. நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்த ஓபன்பிஎஸ்டி பல வகைச் செயலிகளில் ஓடுவதற்கு அதன் உருவாக்குநர்கள் சொல்லும் முக்கியமான காரணமும் இதுவே.

மூன்றாவது வரவு ஆயுள். 32 பிட் எண்ணில் நேரத்தைக் கணக்கிடும் யூனிக்ஸ் கணினிகளின் கடிகாரம் 2038 ஜனவரி 19இல் தடுமாறும். நெட்பிஎஸ்டி 2012இல் வந்த 6.0 பதிப்பிலேயே 32 பிட் தளங்களிலும் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டது. மற்ற இடங்களில் கதை வேறு. 1991இல் 386 செயலியில்தான் லினக்ஸ் பிறந்தது. அந்தச் செயலிக்கான ஆதரவை லினக்ஸ் கெர்னல் 2012இல் நீக்கியது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 2025இல் வந்த 13ஆம் பதிப்பு, 32 பிட் பிசிக்களுக்கான கெர்னலையும் நிறுவியையும் தருவதை நிறுத்திக்கொண்டது. அந்த முடிவுகளுக்கு நியாயம் உண்டு. ஆனாலும் கைவிடப்பட்ட இயந்திரத்துக்குப் போக்கிடம் ஒன்று எங்காவது இருக்க வேண்டும்.

இனி செலவுப் பக்கம். முதல் குறை நிறுவும் வேலையிலேயே இருக்கிறது. கெர்னல் எந்த இயந்திரத்துக்கும் பொதுவாக இருக்கலாம். இயந்திரத்தை எழுப்பி அந்தக் கெர்னலை நினைவகத்தில் ஏற்றும் வழி பொதுவானதன்று. பிசியில் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்ற பொது ஏற்பாடு இருப்பதால் யூஎஸ்பியைச் செருகினால் நிறுவி வந்துவிடும். பழைய மேக்கின்டாஷில் முதலில் ஆப்பிளின் சொந்த இயங்குதளம் ஓட வேண்டும். அதற்குள்ளிருந்து ஒரு நிரல் நெட்பிஎஸ்டியை ஏற்றும். வட்டு வழி இல்லாத வாக்ஸை எழுப்ப, பக்கத்தில் இன்னொரு கணினி டெக் நிறுவனத்துக்கே உரிய மாப் நெறிமுறையில் துவக்க நிரலை அனுப்ப வேண்டும். ஆர்ம் பலகைகளில் 2020இல் வந்த 9.0 பதிப்பு முதல் 64 பிட் பலகைகள் பலவற்றுக்கும் ஒரே பொதுக் கெர்னல் போதும் என்றாகிவிட்டது. ஆனால் அந்தக் கெர்னலை ஏற்றும் யூ-பூட் போன்ற பூட்லோடர் பலகைக்குப் பலகை வேறு. தவறானதை எஸ்டி அட்டையில் எழுதினால் திரையில் ஒரு எழுத்துகூட வராது. ‘ஓடும்’ என்ற ஒற்றைச் சொல் இந்த ஏற்ற இறக்கங்கள் அத்தனையையும் மூடிவிடுகிறது.

அகலத்துக்கும் ஆழத்துக்கும் உள்ள இழுபறி இரண்டாவது குறை. நெட்பிஎஸ்டி சிறு தன்னார்வலர் குழு. நாற்பது ஆண்டு பழைய வாக்ஸில் ஓடும் இது, இன்று கடையில் வாங்கும் லேப்டாப்பில் திணறுகிறது. 2024 மார்ச்சில் வந்த 10.0 பதிப்பின் கிராபிக்ஸ் டிரைவர்கள் 2020இல் வெளியான லினக்ஸ் 5.6இலிருந்து எடுத்தவை. வைஃபை ஆதரவும் காலத்துக்குப் பின்தங்கியே இருக்கிறது. பட்டியலில் தன் கணினியின் பெயரைக் கண்டு நிறுவுகிறவருக்கு, திரையும் வைஃபையும் ஒழுங்காக வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பட்டியலில் பதில் இல்லை.

மூன்றாவது, சோதனை. நெட்பிஎஸ்டியின் முழு அமைப்பையும் எந்தக் கணினியிலிருந்தும் எந்தத் தளத்துக்கும் கம்பைல் செய்யலாம். வேகமான பிசி ஒன்றே வாக்ஸுக்கான பதிப்பையும் உருவாக்கித் தரும். வாக்ஸிலேயே அதைச் செய்தால் நாள்கணக்கில் ஆகும் என்பதால் இது பெரும் வசதி. ஆனால் கம்பைல் ஆனதெல்லாம் உண்மையான இயந்திரத்தில் ஓடிப் பார்த்ததாகாது. ஓபன்பிஎஸ்டி நேர்மாறான வழியில் போகிறது: ஒவ்வொரு தளத்துக்கான பதிப்பையும் அந்தத் தளத்தின் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டும் என்பது அதன் விதி. அதனால் அதன் பட்டியல் குறுகியது. வாக்ஸ் 2016இல் அதிலிருந்து நீங்கியது. பட்டியலில் மிஞ்சியவை தம்மைத்தாமே கட்டிக்கொள்ளும் வலு உள்ளவை. வாக்குறுதியின் நம்பகத்தை அளவுகோலாக வைத்தால் ஓபன்பிஎஸ்டியின் விதியே மேல்.

நான்காவது குறை வெளியிலிருந்து வருகிறது. இயங்குதளம் மட்டும் எல்லாவற்றிலும் ஓடினால் போதாது. அதன் மேல் ஓடும் மென்பொருளும் ஓட வேண்டும். 2021இல் பைத்தானின் ‘கிரிப்டோகிராஃபி’ நூலகம் ரஸ்ட் மொழியைக் கொண்டுவந்தபோது, ரஸ்ட் கம்பைலர் இல்லாத ஆல்ஃபா போன்ற கட்டமைப்புகளில் அதை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். பாதுகாப்பை எண்ணி எடுத்த அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றைய மென்பொருளின் அடித்தளம் ஒவ்வொன்றாக ரஸ்டுக்கு மாறும்போது, பழைய செயலிகளில் கெர்னல் எழும்பி நிற்கும், செய்வதற்கு வேலை இருக்காது. மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய பென்டியம் 4 மேசைக் கணினியைச் சர்வராக இரவு பகலாக ஓட்டுவதைவிட, சில வாட்டில் அதே வேலையைச் செய்யும் ராஸ்பெரி பை சிக்கனமானது.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால், பல வன்பொருளில் ஓட வைப்பது நிரல் எழுதுகிறவருக்கு முதல்தரமான ஒழுக்கம். நிறுவுகிறவருக்கு அது அரைகுறை உறுதிமொழிதான். நெட்பிஎஸ்டிக்கே இது தெரியும். தன் தளங்களை முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு என்று அதுவே பிரித்து வைத்திருக்கிறது. முதல் அடுக்குத் தளங்களைத் திட்டமே பொறுப்பேற்றுக் கவனிக்கும். இரண்டாம் அடுக்கில் உள்ளவை ஆர்வலர்களின் உழைப்பைப் பொறுத்துப் பிழைக்கும். ஐம்பது பெயர்களைப் பெருமையாகச் சொல்லும் எந்த அறிமுகமும் இந்தப் பிரிவை அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால், விண்டோஸ் 11 ஏற்காத நல்ல கணினிகள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. அவற்றில் யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவ நினைப்பவர் பட்டியலை நம்பிப் பழைய இயங்குதளத்தை அழித்துவிட வேண்டாம். முதலில் யூஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். திரை, வைஃபை, ஒலி, மூடித் திறந்தால் விழித்துக்கொள்வது ஆகிய நான்கும் சரியாக இருந்தால் மட்டும் வட்டில் நிறுவுங்கள். அன்றாட வேலைக்கான லேப்டாப்புக்கு லினக்ஸே பொருத்தம். இயங்குதளம் எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்க விரும்புகிறவருக்கும், மற்றவர்கள் கைவிட்ட இயந்திரத்தை வைத்திருப்பவருக்கும் நெட்பிஎஸ்டி.