ஒரு டஜன் டேக் போதும்

வெப் பேஜ் செய்யக் கத்துக்கணும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். கேட்பவர்களில் பிளஸ் டூ மாணவியும் உண்டு, ரிட்டயரான பேங்க் மேனேஜரும் உண்டு. உங்களுக்காக, இப்போது கிடைக்கும் ஆரம்பப் பாடங்கள் சிலவற்றைப் புத்தகமாகவும் வீடியோவாகவும் பொறுமையாகப் பார்த்தேன். பெரும்பாலானவற்றின் மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

இவற்றில் மூன்று ஜாதி. முதலாமவர் அவசரக்காரர். வணக்கம் சொன்ன கையோடு 'நோட் டாட் ஜேஎஸ்' இறக்கு, 'ரியாக்ட்' போடு என்கிறார். ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் வந்து உங்கள் கம்ப்யூட்டரில் குடியேறுகின்றன. கடைசியில் திரையில் 'ஹலோ வேர்ல்டு' என்று ஒரு வரி. அது எப்படி வந்தது என்று மட்டும் கேட்கக்கூடாது. தோசை சுடக் கத்துக்க வந்தவனை கிரைண்டர் மோட்டாருக்கு காயில் சுற்ற உட்காரவைத்த மாதிரி.

இரண்டாமவர் அலங்காரப் பிரியர். முதல் நாளே கலர், நிழல், ஓரம் வளைந்த பட்டன். பக்கத்தில் என்ன எழுதப் போகிறோம் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாமவர் 'டேகே வேண்டாம் சார், இழுத்து வைத்தால் போதும்' என்கிறார். இது புதுசில்லை. 2006-ல் ஓய்வுபெற்ற மைக்ரோஸாஃப்ட் ஃப்ரன்ட்பேஜும் இதைத்தான் செய்தது. திரையில் அழகாக இருக்கும், உள்ளே திறந்து பார்த்தால் தீபாவளிக்கு மறுநாள் தெரு.

மூன்று பேருமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெப் பேஜ் என்றால் என்ன?

இதற்கு நல்ல பதில் வேண்டுமென்றால் உலகத்தின் முதல் வெப் பேஜைப் படிக்கவேண்டும். படிக்க என்றுதான் சொல்கிறேன், ஒரு சிறுகதையைப் படிப்பதுபோல. ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதினது. 1991 ஆகஸ்டில் வெளியுலகத்துக்கு அறிவித்தார். இதை மறுபடி பழைய முகவரியிலேயே பார்க்கக் கிடைக்கும்படி 2013-ல் செர்ன் ஏற்பாடு செய்தது. 'இன்ஃபோ டாட் செர்ன் டாட் சிஎச்' போனால் கிடைக்கும்.

படம் கிடையாது, கலர் கிடையாது. மேலே ஒரு தலைப்பு. கீழே, இது என்ன திட்டம் என்று ஒரு சிறு பத்தி. அதற்கும் கீழே வரிசையாகச் சுட்டிகள்: இதில் யார் யார் வேலை செய்கிறார்கள், உதவி எங்கே கிடைக்கும், நீங்கள் எப்படி உதவலாம். ஒரு வார்த்தைகூட ஜம்பமில்லை. வாசகன் அடுத்து என்ன கேட்பான் என்று யோசித்து எழுதியிருக்கிறார். 1991-ல் அறிவித்த அந்தப் பக்கம் இன்றைய போனிலும் ஒரு எழுத்து சிந்தாமல் திறக்கிறது. அந்தக் காலத்து மற்ற சாஃப்ட்வேர் ஏதாவது ஒன்றை இன்று ஓட்டிப் பாருங்கள், இதன் அருமை புரியும்.

அது ஏன் பிழைத்தது? அதில் இருப்பது அலங்காரம் அல்ல, அர்த்தம். 'இது தலைப்பு', 'இது பத்தி', 'இது பட்டியல்' என்று மட்டும்தான் அந்தப் பக்கம் பிரவுசரிடம் சொல்கிறது. எப்படிக் காட்டுவது என்பது பிரவுசரின் பொறுப்பு. அந்த வருஷக் கடைசியில் பெர்னர்ஸ்-லீ எழுதிவைத்த குறிப்பில் மொத்தம் 18 டேக்தான். சுட்டிக்கான டேகைத் தவிர மற்றவற்றில் செர்னில் ஏற்கெனவே ஆவணங்களுக்குப் புழங்கின குறிகளின் சாயல் இருந்தது. அவர் கூட்டினது அந்த ஒரு சுட்டி. மீதி சரித்திரம்.

சரி, பாடத்துக்கு வருவோம். உங்களுக்கு 18 கூட வேண்டாம், 12 போதும். நோட்பேடைத் திறங்கள். டேக் என்பது கோண அடைப்புக்குறிக்குள் ஒரு சின்னப் பெயர். பெரும்பாலும் ஜோடியாக வரும். ஆரம்பத்தில் ஒன்று, முடிகிற இடத்தில் சாய்கோடு போட்ட இன்னொன்று. நடுவில் உங்கள் விஷயம். மொத்தத்தையும் சுற்றி 'எச்டிஎம்எல்'. அதற்குள் 'ஹெட்', 'பாடி' என்று இரண்டு அறைகள். ஹெட் என்பது தபால் உறை மாதிரி, பாடிதான் கடிதம். உறைக்குள் 'டைட்டில்' ஒன்று, 'மெட்டா' ஒன்று. கடிதத்துக்குள் பெரிய தலைப்புக்கு 'எச்1', உபதலைப்புக்கு 'எச்2', பத்திக்கு 'பி', பட்டியலுக்கு 'யுஎல்', அதன் ஒவ்வொரு வரிக்கும் 'எல்ஐ', சுட்டிக்கு 'ஏ', படத்துக்கு 'இமேஜ்' என்பதைச் சுருக்கி 'ஐஎம்ஜி'. எண்ணிக்கொள்ளுங்கள், டஜன் சரியாக வந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் புள்ளி எச்டிஎம்எல் என்று போட்டு ஸேவ் பண்ணி, டபுள் கிளிக் பண்ணுங்கள். அவ்வளவுதான். நெட் கனெக்ஷன்கூட வேண்டாம்.

அந்த 'மெட்டா'வை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். தமிழர்களுக்கு அது முக்கியம். அதில் 'சார்செட்' என்ற இடத்தில் 'யூடிஎஃப்-8' என்று எழுதினால், இது யூனிகோட் எழுத்து என்று பிரவுசருக்குப் புரியும். எழுதாவிட்டால் அது தானே ஊகிக்கும். ஊகம் தப்பினால் 'அம்மா' என்று எழுதினது பிரெஞ்சுக்காரர் தும்மின மாதிரி தெரியும். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் தமிழ்த் தளங்களைப் படித்தவர்களுக்கு இந்த அவஸ்தை நினைவிருக்கும். தளத்துக்கு ஒரு ஃபான்ட். அதை இறக்கிக்கொள்ளாதவனுக்கு வெறும் கட்டமும் கிறுக்கலும். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-லேயே, தமிழுக்கு இடம் இருந்தது. நாம் குடியேறத்தான் நாளாச்சு. அதற்குள் எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்கள் இன்று தேடினால் அகப்படுவதில்லை. எழுத்து இருக்கிறது, அதன் அர்த்தத்தை மெஷினுக்குச் சொல்லிவைக்கவில்லை. என் வழக்கின் சாராம்சமும் இதேதான்.

ஆரம்பத்தில் வெப்பை யாரும் வகுப்பில் கற்றதில்லை. பிடித்த பக்கத்தைத் திறந்து 'வியூ சோர்ஸ்' அழுத்துவார்கள். உள்ளே இருக்கும் டேகெல்லாம் அப்படியே தெரியும். அதைக் காப்பியடித்து, பேரை மாற்றி, ஒரு பக்கம் தயார். 1994-ல் துவங்கின ஜியோசிட்டீஸில் இப்படித்தான் லட்சக்கணக்கானவர்கள் இலவசமாக வீடு கட்டினார்கள். யாஹூ அதை 1999-ல் வாங்கி, 2009-ல் ஜப்பான் தவிர மற்ற இடங்களில் இழுத்து மூடியது. அந்தப் பக்கங்களை இப்போது பார்த்தால் கண் கூசும். மின்னும் எழுத்து, ஓடும் எழுத்து, நட்சத்திரப் பின்னணி. மின்னும் எழுத்துக்கான 'பிளிங்க்' டேக் நெட்ஸ்கேப் இன்ஜினீயர்கள் மதுக்கடையில் பேசின பேச்சிலிருந்து பிறந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2013-ல் அதற்கு முடிவுகட்டியது. ஆனாலும் ஜியோசிட்டீஸை நான் கேலி செய்யமாட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மனுஷனின் கை தெரிந்தது. தான் எழுதின டேக் என்ன செய்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்று பல பெரிய தளங்களில் கன்ட்ரோல்-யு அழுத்திப் பாருங்கள். இடைவெளியில்லாமல் இறுக்கிக் கட்டின ஜாவாஸ்கிரிப்ட்தான் தெரியும். அதைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

அலங்காரமே கூடாது என்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதற்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது. 1994-ல் ஹோகன் வியும் லீ முன்மொழிந்து, 1996 டிசம்பரில் முறையாக வந்த சிஎஸ்எஸ். 2003-ல் டேவ் ஷே என்பவர் 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' என்று ஒரு தளம் போட்டார். ஒரே எச்டிஎம்எல், ஒரு டேகைக்கூட மாற்றக்கூடாது. சிஎஸ்எஸ்ஸை மட்டும் மாற்றி டிசைனர்கள் அதற்கு விதவிதமாகச் சட்டை மாட்டினார்கள். ஒவ்வொன்றும் வேறு பக்கம் மாதிரி இருக்கும். உடம்பு சரியாக இருந்தால் எந்தச் சட்டையும் பொருந்தும் என்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் நான் பார்த்ததில்லை. நம் இரண்டாம் ஜாதி ஆசிரியர் சட்டை மட்டும் தைக்கச் சொல்லித்தருகிறார்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

பார்வையற்ற ஒருவர் உங்கள் பக்கத்துக்கு வருகிறார். அவர் கம்ப்யூட்டரில் என்விடிஏ போன்ற இலவச சாஃப்ட்வேர் பக்கத்தை வாசித்துக் காட்டும். அதைத் தொடங்கினவர்கள் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள், இருவருக்கும் பார்வை கிடையாது. அதில் எச் விசையைத் தட்டினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம், நாம் கண்ணை ஓட்டுவதுபோல. 'எச்2' போட்டிருந்தால்தான் தாவும். வெறும் 'டிவ்' என்ற பெட்டிக்குள் எழுத்தைப் பெரிசாக்கித் தடித்து வைத்தால் நமக்குத் தலைப்பு, அவருக்கு ஒன்றுமில்லை. முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து கேட்டாகவேண்டும். படத்துக்கு 'ஆல்ட்' என்று ஒரு வரி விளக்கம் எழுதாவிட்டால் படம் இருப்பது மட்டும் தெரியும், என்னவென்று தெரியாது. சில சமயம் ஃபைல் பெயரைப் படிக்கும். விண்ணப்பப் படிவத்தில் கட்டங்களுக்கு 'லேபிள்' இல்லையென்றால் எந்தக் கட்டத்தில் பெயர், எதில் பிறந்த தேதி என்று அவர் குத்துமதிப்பாக அடிக்கவேண்டியதுதான். வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு இது விளையாட்டில்லை.

அமெரிக்காவின் வெப்எய்ம் என்ற அமைப்பு 2019 முதல் வருஷாவருஷம் 10 லட்சம் முகப்புப் பக்கங்களை மெஷின் வைத்துச் சோதிக்கிறது. 2024-ல் அவற்றில் 95.9 சதவிகிதத்தில் இந்த மாதிரிக் குறைகள் அகப்பட்டன. வருஷம் தவறாமல் முன்னணியில் நிற்பவை மங்கலான எழுத்து, ஆல்ட் இல்லாத படம், லேபிள் இல்லாத கட்டம். ராக்கெட் விஞ்ஞானம் எதுவுமில்லை. முதல் வாரத்தில் சொல்லித்தரவேண்டியவை. சொல்லித்தரவில்லை. அதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுவிடுவோம். 'வேலை வேணும்னா ரியாக்ட்தான் கேட்கிறான்.' வாஸ்தவம், கத்துக்குங்க. ஆனால் அது சமைத்து முடித்துக் கடைசியில் பிரவுசர் தட்டில் பரிமாறுவதும் இதே எச்1, பி, ஏதான். பிரவுசருக்கு வேறு பாஷை தெரியாது. அடுத்தவர் சொல்வது: 'இப்பதான் ஏ.ஐ. இருக்கே, கேட்டா அதுவே எழுதித் தருதே!' தரும். நன்றாகவே தரும். ஆனால் அது தந்ததில் ஆல்ட் இருக்கிறதா, தலைப்பு தலைப்பாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்க ஒருவர் வேண்டும். எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று நம் பாட்டிகளுக்கே தெரியும்.

எனவே ஒரு பாடத்தை வாங்குமுன் முதல் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். முதல் நாளே நோட்பேடில் ஒரு பக்கம் எழுதவைக்கிறதா? டேகை அர்த்தம் சொல்லி அறிமுகப்படுத்துகிறதா? ஐஎம்ஜி வரும்போதே ஆல்ட்டும் வருகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் வாங்கலாம். மோஸில்லாவின் எம்டிஎன் தளத்தில் இருக்கும் இலவசப் பாடம் இதில் தேறுகிறது, ஆங்கிலம்தான்.

இந்த வாரம் ஒரு வேலை. வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது வத்தக்குழம்பு செய்முறை கேட்டு, மேற்படி டஜன் டேகில் ஒரு பக்கம் எழுதுங்கள். சாமான்கள் பட்டியலாக, செய்முறை பத்திகளாக, படத்துக்கு ஆல்ட்டோடு. எச்டிஎம்எல் டேகுக்குள்ளேயே 'லாங்' என்று போட்டு 'டிஏ' என்று எழுதினால், வாசிக்கிற சாஃப்ட்வேரிடம் தமிழ்க் குரல் இருக்கும்பட்சத்தில் தமிழிலேயே வாசிக்கும். பிறகு திரையை அணைத்துவிட்டு அதை வாசிக்கவிட்டுக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே குழம்பு வைக்க முடிந்தால் நீங்கள் பாஸ்.